பைக்குக்கு ஏற்ற டயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டயர் மாற்றும் நேரம் வந்ததும் பலர் செய்வது, இப்போது வண்டியில் இருக்கும் டயரின் பக்கவாட்டு எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது. கைமாறி வந்த வண்டியென்றால் இதை நம்ப முடியாது. முன்பு வைத்திருந்தவர் தன் இஷ்டத்துக்கு வேறு அளவைப் போட்டு ஓட்டியிருக்கலாம். சரியான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் செயின் கவரிலோ, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும். முன் டயர், பின் டயர் இரண்டின் அளவும், ஒருவர் போகும்போதும் இருவர் போகும்போதும் வைக்க வேண்டிய காற்றின் அளவும் அதில் இருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டு அதைத்தான் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பக்கவாட்டில் எழுதியிருப்பது

100/90-17 55எஸ் என்று ஒரு டயரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 90 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் உயரம் என்பது; இங்கே 90 மி.மீ. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் வெறும் கோடு இருந்தால் அது பயஸ் டயர், அதாவது நைலான் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்டது. கோட்டுக்குப் பதில் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் ரேடியல். பழைய வண்டிகளில் 2.75-18, 3.00-17 என்று அங்குலத்திலேயே அகலம் இருக்கும். இவற்றை மி.மீ. அளவுக்கு மாற்றிப் போட நினைத்தால் கடைக்காரரின் ஊகத்தை நம்பாமல், டயர் கம்பெனி தரும் மாற்று அளவு அட்டவணையைக் கேளுங்கள்.

55 என்பது கிலோ கணக்கல்ல, சுமைக்கான குறியீடு. 50 என்றால் 190 கிலோ, 52 என்றால் 200, 55 என்றால் 218, 58 என்றால் 236, 62 என்றால் 265 கிலோ. கடைசி எழுத்து வேகத்துக்கானது: எல் 120, எஸ் 180, எச் 210, வி 240 கிலோமீட்டர். கையேட்டில் சொன்ன சுமைக் குறியீட்டுக்கும் வேகக் குறியீட்டுக்கும் மேலே போகலாம். கீழே போகவே கூடாது. "நான் எண்பதைத் தாண்ட மாட்டேன்" என்று குறைந்த வேக எழுத்தை வாங்குபவர்கள் உண்டு. அந்த எழுத்து வெறும் வேகத்துக்கானது மட்டுமல்ல. அந்த வேகத்தில் எழும் சூட்டைத் தாங்கும் திறன் எவ்வளவு என்பதையும் அதுதான் சொல்கிறது.

சுமையை ஒருமுறை கணக்குப் போட்டே பார்க்கலாம். வண்டி 150 கிலோ, இருவர் 140 கிலோ, பை 10 கிலோ என்றால் மொத்தம் 300. இருவர் உட்காரும்போது பின் சக்கரம் இதில் சுமார் 65 சதவீதத்தைத் தாங்கும் என்று வைத்தால் 195 கிலோ. 52 குறியீட்டு டயர் வெறும் 5 கிலோ மிச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதுவும் முழுக் காற்று இருந்தால்தான். காற்று இறங்கினால் அந்த 200 கிலோவும் இறங்கிவிடும். தினமும் இருவர் போகிறவர்களும் சுமை ஏற்றுகிறவர்களும் இந்த எண்ணில் தாராளமாக இருப்பது நல்லது.

அகலமான டயர் ஆசை

டயர் தேர்வில் அதிகம் நடக்கும் தவறு இது. பின்னால் பருமனான டயர் போட்டால் வண்டி எடுப்பாகத் தெரியும், பிடிப்பும் கூடும் என்று நினைக்கிறார்கள். எடுப்பாகத் தெரிவது உண்மைதான். பிடிப்பு கூடுமா என்பதை ரிம்தான் முடிவு செய்யும்.

ஒவ்வொரு டயர் அளவுக்கும் பொருந்தும் ரிம் அகலம் உண்டு. 100/90-17க்கு 2.50 அங்குல ரிம் சரியாக இருக்கும். 130/70-17க்குச் சுமார் 3.50 அங்குலம் வேண்டும். இந்த 130ஐக் கொண்டுபோய் 2.50 ரிம்மில் ஏற்றினால் டயரின் இரு ஓரங்களும், அதாவது ரிம்மைக் கவ்வும் பீடு இரண்டும், உள்ளே இழுக்கப்படும். நடுப்பகுதி கூம்பிக்கொண்டு மேலே எழும். நேராகப் போகும்போது தரையில் படும் பகுதி எதிர்பார்த்த அளவுக்கு விரியாது, நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேயும். ரிம் அரை அங்குலம் குறுகினால் டயரின் அகலமும் ஏறக்குறைய 5 மி.மீ. குறைந்துவிடும் என்பதால், 130க்குக் காசு கொடுத்துவிட்டு 120ஐத்தான் ஓட்டுவீர்கள். கூடவே எடையும் ஏறும், வளைவில் வண்டி சாய மறுக்கும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். ரிம் அகலத்தைத் தெரிந்துகொள்வது சுலபம்: ஸ்போக் ரிம்மில் குத்தியிருப்பார்கள், அலாய் வீலில் அச்சிலேயே வார்த்திருப்பார்கள். 17 × 2.50 என்பதுபோல இருக்கும்.

அடுத்து விட்டம். 100/90-17 டயரின் முழு விட்டம் எவ்வளவு? 17 அங்குலம் 431.8 மி.மீ., மேலும் கீழும் 90 வீதம் 180 சேர்த்தால் 611.8 மி.மீ. இதற்குப் பதில் 110/80-17 போட்டால் 607.8, வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே, பிரச்சினை இல்லை. 120/80-17 போட்டால் 623.8, சுமார் 2 சதவீதம் அதிகம். 110/90-17 போட்டால் 629.8, ஏறக்குறைய 3 சதவீதம். ஸ்பீடாமீட்டர் எந்தச் சக்கரத்திலிருந்து அளவு எடுக்கிறதோ அந்தச் சக்கரத்தில் இப்படிப் பெரிதாக்கினால், முள் காட்டுவதைவிட வண்டி வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் இன்னும் கவனம் தேவை. முன்பின் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டுத்தான் சக்கரம் பூட்டிக்கொள்கிறதா என்று அது கண்டுபிடிக்கிறது. அந்த விகிதத்தைக் குலைக்கக் கூடாது.

ஒரு அளவு கூட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ரிம் அனுமதிக்கும் வரம்புக்குள், 10 மி.மீ. மட்டும் கூட்டி, உயரச் சதவீதத்தைக் குறைத்து விட்டத்தைப் பழையபடி வைத்துக்கொள்ளுங்கள். போட்டபின் செயின், ஸ்விங் ஆர்ம், மட்கார்டு மூன்றுக்கும் டயருக்கும் இடையே சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டும். செயினை இறுக்கும்போதும் தளர்த்தும்போதும் சக்கரம் முன்னும் பின்னும் நகரும் என்பதால் இரண்டு நிலையிலும் பாருங்கள். வேகத்தில் டயர் கொஞ்சம் உப்பும். நின்றிருக்கும்போது மயிரிழையில் தப்பும் டயர் ஓடும்போது உரசும்.

ட்யூப், ட்யூப்லெஸ், பயஸ், ரேடியல்

டிஎல் என்றால் ட்யூப்லெஸ், டிடி என்றால் ட்யூப் போட்டு ஓட்ட வேண்டியது. ட்யூப்லெஸ் ரிம்மின் உள்ளே பீடு நழுவாமல் தடுக்க ஒரு மேடு இருக்கும். சாதாரண ஸ்போக் ரிம்மில் அது இருக்காது, ஸ்போக் துளைகள் வழியாகக் காற்றும் போகும். ஆகவே ஸ்போக் ரிம்மில் ட்யூப்லெஸ் டயர் போட்டாலும் உள்ளே ட்யூப் வேண்டும். டிடி டயரை ட்யூப் இல்லாமல் எந்த ரிம்மிலும் ஓட்டக் கூடாது. புது டயருக்குள் பழைய ட்யூபைத் திணிக்காதீர்கள். ஓடி ஓடி விரிந்துபோன ட்யூப் உள்ளே மடிந்து, அந்த மடிப்பிலேயே கிழியும்.

பயஸ் டயரின் பக்கச்சுவர் விறைப்பானது, சுமை தாங்கும், விலை குறைவு. ரேடியல் சூடு குறைவாக ஏறும், அதிக வேகத்திலும் நீண்ட ஓட்டத்திலும் நிதானமாக இருக்கும். வண்டி எதோடு வந்ததோ அதிலேயே இருப்பதுதான் சரி. முன்னால் ரேடியலும் பின்னால் பயஸுமாகக் கலந்து போடுவதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். இரண்டும் வளையும் விதம் வேறு, வண்டி ஆட்டம் கொடுக்கும். முன் டயர், பின் டயர் என்று எழுதியிருப்பதையும் இடம் மாற்றாதீர்கள்.

பிடிப்பா, ஆயுளா

கார் டயரில் தேய்மானத்துக்கென்று ஒரு எண் இருக்கும். பைக் டயரில் அப்படி ஒன்றைப் பார்க்க முடியாது. "இது முப்பதாயிரம் ஓடும்" என்று யாராவது சொன்னால், எந்த வண்டியில், எந்தச் சாலையில், எவ்வளவு காற்றில் என்று கேளுங்கள். அது தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

பொதுவாக, மென்மையான ரப்பர் தரையை நன்றாகக் கவ்வும், சீக்கிரம் தேயும். கெட்டியான ரப்பர் நேர்மாறு. இந்த இழுபறியைக் குறைக்கத்தான் இரண்டு ரப்பர் கலவை டயர்கள் வந்தன: நேராக ஓடித் தேயும் நடுப்பகுதியில் கெட்டி ரப்பர், வளைவில் சாயும்போது படும் தோள்பகுதியில் மென்மையான ரப்பர். தினமும் நெடுஞ்சாலையில் போய், வார இறுதியில் மலைப்பாதைக்கும் போகிறவர்களுக்கு இது பொருத்தமான தேர்வு. சிலிக்கா கலந்த ரப்பர் ஈரத்திலும் குளிரிலும் இளக்கமாக இருக்கும். மழையில் தவறாமல் வண்டி எடுக்க வேண்டியவர்கள் டயர் விவரத்தில் அந்தச் சொல்லைத் தேடுங்கள்.

ஸ்போர்ட்ஸ் டயர்தான் எப்போதும் அதிகப் பிடிப்புத் தரும் என்பது சரியல்ல. அந்த ரப்பர் சூடேறினால்தான் வேலை செய்யும். வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டரில் இருக்கும் அலுவலகத்துக்குச் சிக்னல் சிக்னலாக நின்று போகும்போது அது சூடேறுவதே இல்லை. அந்த ஓட்டத்தில் நீண்ட பயணத்துக்கென்று செய்யப்படும் ஒரு நல்ல டூரிங் டயர் அதைவிட நன்றாகப் பிடிக்கும், மேலும் பல ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலாக ஓடும்.

ரப்பர் கட்டை கட்டையாகத் துருத்தி நிற்கும் பட்டன் டயர் விஷயத்திலும் இதே நேர்மை வேண்டும். சேறு, மணல், சரளைக்கல்லில் அந்தக் கட்டைகள் ஊன்றிப் பிடிக்கும். தார்ச்சாலையில் ஒவ்வொரு கட்டையும் தனித்தனியே நெளியும். பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், சத்தம் வரும், கட்டைகளின் ஓரம் சீக்கிரம் மழுங்கும். ஓட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு தார்ச்சாலை என்றால் பட்டன் டயர் வேண்டாம். ஆழமான காடி, அதாவது பள்ளக் கோடுகள், உள்ள சாலை டயரே போதும்.

பணம் இடிக்கும்போது பின் டயரில் மிச்சம் பிடியுங்கள், முன் டயரில் பிடிக்காதீர்கள். பலமாக பிரேக் பிடிக்கும்போது எடை முழுக்க முன்னுக்குத்தான் பாயும். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க அவகாசமே கிடைக்காது.

கடையில் பார்க்க வேண்டியவை

பக்கச்சுவரில் 'டாட்' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புத் தேதி. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் வைத்திருந்த டயர் என்றால் ஓரிரு ஆண்டு பழையதானாலும் பாதகமில்லை. வாசலில் வெயிலில் தொங்கவிட்ட டயரை, தேதி புதிதாக இருந்தாலும் வாங்காதீர்கள். கட்டைவிரல் நகத்தால் ரப்பரை அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பர் நகத்துக்கு இடம் கொடுத்துவிட்டுத் திரும்ப எழும். பழசாகி இறுகிய ரப்பர் பிளாஸ்டிக் போல நகத்தைத் தள்ளும். காடிகளின் அடியிலும், பக்கச்சுவரை லேசாக வளைத்தும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பீடு நசுங்கிப்போன டயர் ரிம்மில் சரியாக உட்காராது.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

நல்ல டயரைக் கெடுப்பது பெரும்பாலும் மாட்டும் கைதான். பழைய டயரைக் கழற்றியதும் ரிம்மின் உள்விளிம்பில் துருவும் பழைய ரப்பரும் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டித் துடைக்கச் சொல்லுங்கள். ட்யூப்லெஸ் டயரில் காற்று மெல்ல மெல்ல இறங்குவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ரப்பர் வால்வை டயரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். டயரைவிட மிக மிக விலை குறைந்த பொருள் அது.

பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம். வால்வுக்கு நேராக வைக்க வேண்டும். பீடில் சோப்புத் தண்ணீரோ அதற்கென்றே உள்ள பேஸ்டோ தடவலாம். கிரீஸும் இன்ஜின் ஆயிலும் ரப்பரை அரிக்கும்.

காற்று ஏற்றும்போது பீடு 'டப், டப்' என்று இருமுறை ஒலித்து ரிம்மில் உட்காரும். அதோடு விட்டுவிடக் கூடாது. பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே, ரிம் விளிம்புக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்தால் அங்கே பீடு இன்னும் ஏறவில்லை. அப்படியே ஓட்டினால் குதிரை மேல் போவதுபோல வண்டி தூக்கித் தூக்கிப் போடும். பீடு ஏற 40 பி.எஸ்.ஐ. போதும். அதற்குள் ஏறாவிட்டால் காற்றை இறக்கி, மறுபடி சோப்புத் தண்ணீர் தடவித்தான் முயல வேண்டும். மேலும் மேலும் காற்றை அடித்தால் பீடு அறுந்து வெடிக்கும்.

பிறகு பேலன்ஸ். 5 கிராம், 10 கிராம் எடைகள் ஒட்டிச் சரிசெய்வார்கள். 60 கிராமுக்கு மேல் கேட்டால் எடையை அடுக்கிக்கொண்டே போகாமல், காற்றை இறக்கி டயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பி வைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தை வண்டியில் ஏற்றியதும் செயின் தளர்வும், இரு பக்க அட்ஜஸ்டர் குறிகளும் சமமாக இருப்பதும் முக்கியம். கிளம்புமுன் பிரேக் லிவரை இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். சக்கரம் கழற்றும்போது டிஸ்க் பேட் பின்னே தள்ளப்பட்டிருக்கும். முதல் அழுத்து வெறுமனே உள்ளே போகும். அது சாலையில் தெரிய வேண்டாம்.

புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டருக்குப் பலமாக பிரேக் அடிப்பதையும், திடீரென முறுக்குவதையும், வளைவில் அதிகம் சாய்ப்பதையும் தவிருங்கள். சாய்வை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால்தான் தோள்பகுதியும் சொரசொரப்பாகும். பளபளப்புக்கென்று விற்கும் டயர் பாலிஷை பைக் டயரில் தடவவே கூடாது, புது டயரோ பழைய டயரோ.

ஆயுளைக் கூட்டுவது காற்றுதான்

கெட்டி ரப்பர் வாங்கி ஆயுளைக் கூட்ட நினைப்பவர்கள், மாதக்கணக்கில் காற்றுப் பார்க்காமல் ஓட்டி அதை இழக்கிறார்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்றபின் பார்ப்பதுதான் சரியான அளவு. ஓடியபின் அழுத்தம் சில பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும், அப்போது பார்த்து "அதிகமாக இருக்கிறது" என்று இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் சுமார் 1.5 பி.எஸ்.ஐ. இறங்கும் என்பதால் பருவம் மாறும்போது கட்டாயம் பார்க்க வேண்டும். மற்றபடி வாரம் ஒருமுறை, சொந்த கேஜில். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அதிகபட்ச அழுத்தம் அந்த டயரின் எல்லை. நீங்கள் வைக்க வேண்டிய அளவு வண்டியின் ஸ்டிக்கரில் இருப்பதே.

டயர் எப்படித் தேய்கிறது என்பதைக் கண்ணைவிடக் கை நன்றாகச் சொல்லும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, உள்ளங்கையை ட்ரெட் மேல், அதாவது தரையில் படும் பகுதியின் மேல், வைத்து, சக்கரம் சுழலும் திசையில் ஒருமுறையும் எதிர்த்திசையில் ஒருமுறையும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கிப் போய், மறு திசையில் ரம்பப்பல் போலத் தடுத்தால் அது படிக்கட்டுத் தேய்மானம். முன் டயரில் கொஞ்சம் இருப்பது சகஜம். அதிகமாக இருந்தால் காற்றுக் குறைவு, ஃபோர்க் ஆயில் பழசானது, ஸ்டியரிங் பேரிங் தளர்ந்தது ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் பாருங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் டயரை மட்டும் மாற்றினால் புதியதும் அப்படியே ஆகும்.

பின் டயர் நடுவில் தட்டையாகி இரு ஓரமும் மேடாக நின்றால், அது நேர்ச்சாலையில் நீண்ட தூரம் ஓடியதன் அடையாளம். காற்று அதிகமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். அப்படிப்பட்ட டயர் வளைவில் முதலில் சாய மறுத்து, அந்த மேட்டைத் தாண்டியதும் சட்டென்று விழும். காடி மிச்சம் இருந்தாலும் இதை மாற்றிவிடுவதே நல்லது. ஒரே பக்கம் மட்டும் தேய்ந்தால் முதலில் சக்கரம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆணி குத்தினால், ட்ரெட் பகுதியில் 6 மி.மீ.க்குள் இருக்கும் துளையை உள்ளிருந்து ஒட்டும் காளான் வடிவ பேட்ச் போட்டு ஓட்டலாம். வெளியிலிருந்து குத்தும் திரி, வீடு வந்து சேர்வதற்கு மட்டும். பக்கச்சுவரில் குத்தினால் அந்த டயர் முடிந்தது.

தேய்மானத்தை ஊகிக்காமல் அளந்து எழுதி வையுங்கள். ஒரு சிறிய ஆழமானி போதும். புதிதாக நடுக்காடி 7 மி.மீ. இருந்து, 6,000 கிலோமீட்டரில் 5 ஆகியிருந்தால், 1 மி.மீ.க்கு 3,000 கிலோமீட்டர் ஓடுகிறது. காடிக்குள் இருக்கும், தேய்மான எல்லையைக் காட்டும் டி.டபிள்யூ.ஐ. மேடு பைக் டயரில் பொதுவாக 0.8 மி.மீ. உயரம், ட்ரெட் அதோடு சமமானால் டயர் தீர்ந்தது. ஆனால் ஈரச்சாலையில் அதற்கு வெகு முன்பே பிடிப்பு குறையத் தொடங்கிவிடும். 1.5 மி.மீ.யில் மாற்றுவதாக வைத்தால் மேற்சொன்ன டயருக்கு இன்னும் 10,500 கிலோமீட்டர் இருக்கிறது. ஓட்டமே குறைவாக இருந்து காடி அப்படியே இருந்தாலும், 5 ஆண்டு ஆனபின் ஆண்டுக்கொருமுறை நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். 10 ஆண்டைத் தாண்டிய டயரைத் தயங்காமல் கழற்றிவிடுங்கள். மழைக்காலம் தொடங்கும்போது ஆழமானி 2 மி.மீ. காட்டினால், அந்த மழையை அந்த டயரில் கடக்க வேண்டாம். முதல் மழைக்கு முன்பே மாற்றி, காய்ந்த சாலையிலேயே அந்த 150 கிலோமீட்டரை ஓட்டி முடித்துவிடுங்கள்.